ரெண்டு கட்டைக்கு இறங்கின ரெக்கார்டு

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நடந்தது இது. ஜாஸ் டிரம்பெட்காரரு மைல்ஸ் டேவிஸோட கைன்ட் ஆஃப் ப்ளூ ஆல்பத்துக்கு ரீஇஷ்யூ, அதாவது பழைய ரெக்கார்ட மறுபடி அச்சடிச்சு விக்கிறது, ஒண்ணு புதுசா வாங்கியிருந்தேன், அத முதல் தடவையா டர்ன்டேபிள்ல போட்டு ஊசிய இறக்கிட்டு சோஃபால வந்து உக்காந்தேன், அப்பா ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில கண்ண மூடிக்கிட்டு இருந்தாரு, தூங்குறாருன்னுதான் நெனச்சேன், பாஸ்ங்கிற கனத்த தந்தி வாத்தியமும் பியானோவும் மெதுவா தயங்கித் தயங்கி ஆரம்பிச்சு, அப்புறம் பாஸ் ஒரு கேள்வி கேட்டு மத்தவங்கல்லாம் ரெண்டே சுரத்துல பதில் சொல்ற இடம் வரும்ல, அங்க வந்ததும் கண்ணத் தெறக்காமலே சொன்னாரு: "ஏம்மா, சுருதி இறங்கியிருக்கே, பெல்ட்டு தளந்துருச்சா?"

அப்பாவுக்கு 83 வயசு. இடது காதுல மெஷின். நான் பேசுறது பாதி நாள் அவருக்கு விழாது, ரெண்டு தடவ சொல்லணும். சுருதி மட்டும் விழுந்துருக்கு.

நான் எந்திரிச்சுப் போயி பெல்ட்ட பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. போன்ல வேகம் அளக்குற ஆப் இருக்கு, அத தட்டு மேல வெச்சுப் பாத்தா நிமிஷத்துக்கு 33.3 சுத்துன்னு காட்டுது, அதுல ஒரு குறையும் இல்ல. "சரியாத்தான் ஓடுதுப்பா"ன்னேன். "இல்லம்மா, இறங்கியிருக்கு"ன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் பேசல, ஆனா பாட்டு முடியிற வரைக்கும் முகம் சரியில்ல, தெரிஞ்ச வீட்டுக்குள்ள போயி நாற்காலி எடம் மாறிக் கிடக்குறத பாத்தவரு மாதிரி உக்காந்திருந்தாரு.

இந்த ரெக்கார்டு எங்க வீட்டுக்கு வந்த கதையச் சொன்னாத்தான் இது புரியும். அப்பா 1962ல இங்க சிங்கப்பூர்ல, செம்பவாங் நேவல் பேஸ்ல ஸ்டோர்ஸ்ல வேலைக்குச் சேந்தவரு. 1971 அக்டோபர் கடைசியில பிரிட்டிஷ்காரங்க கிளம்பினப்போ குடும்பம் குடும்பமா வீட்டுச் சாமானெல்லாம் வந்த விலைக்கு வித்துட்டுப் போனாங்களாம், கட்டில், ஃபேன், கொழந்தைங்க சைக்கிள் எல்லாம். அப்பா ஒரு ரேடியோகிராம் வாங்கினாரு, ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேந்த பெட்டி. அந்த வீட்டம்மா கூடவே ஒரு அட்டப்பெட்டி நெறைய ரெக்கார்டையும் சும்மா தூக்கிக் குடுத்துட்டாங்க, கப்பல்ல ஏத்துனா கனம்னு. அதுல முக்காவாசி ஜிம் ரீவ்ஸும் பேண்டு வாத்தியமும். ஒண்ணு மட்டும் இது, இங்கிலாந்துல அச்சடிச்ச கைன்ட் ஆஃப் ப்ளூ.

நான் பொறந்தது 1974. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து ஞாயித்துக்கிழமைன்னா இந்த ரெக்கார்டுதான், அம்மா தோசை சுடுற சத்தம், கீழ வாய்ட் டெக்ல பசங்க பந்து ஒதைக்கிற சத்தம், நடுவுல மைல்ஸ். அப்பாவுக்கு ஜாஸ்ங்கிற வார்த்தையில அப்பவும் அக்கறை இல்ல இப்பவும் இல்ல. அவரு நேவல் பேஸ் கூட்டாளிங்களோட சேந்து பஜனை பாடிப் பழகினவரு, இன்னைக்கும் ஈசூன் ஹோலி ட்ரீ முருகன் கோயிலுக்குப் போனா உக்காந்து பாடிட்டுத்தான் வருவாரு. "கரகரப்பிரியாவ எவனோ கொழாயில ஊதுறான்மா, அவசரப்படாம ஊதுறான் பாரு"ம்பாரு. எனக்கு அது அப்பாவோட பேச்சுன்னுதான் ரொம்ப நாள் தோணுச்சு. பெரியவளாகி, எஸ்பிளனேட் நூலகம் 2002ல தெறந்த புதுசுல அங்க சனிக்கிழமை சனிக்கிழமை போயி ஜாஸ் பத்தி எடுத்துப் படிக்க ஆரம்பிச்சப்பதான் அவரு சொன்னது அப்படியே உண்மைன்னு தெரிஞ்சுது. முதல் பாட்டு சோ வாட், அவங்க கணக்குல டி சுரத்துல ஆரம்பிக்கிற டோரியன்ங்கிற சுர வரிசை, அந்த ஏழு சுரத்தையும் நம்ம கணக்குல எழுதினா கரகரப்பிரியா ராகத்தோட ஆரோகணம். 32 பார், அதாவது 32 தாளக் கட்டம், ஒரு சுத்து. அதுல முதல் 16 டி, அடுத்த 8 அரைச் சுரம் மேல, கடைசி 8 மறுபடி டி. டின்னா நம்ம சுருதிக் கணக்குல ரெண்டு கட்டை. அரைச் சுரம் ஏறினா ரெண்டரைக் கட்டை. அப்பா இதையும் எப்பவோ சொல்லியிருக்காரு, "அரைக் கட்டை ஏறி எட்டிப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துடுறான்"னு.

சரி, அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். மத்தியானம் அப்பா தூங்கினப்புறம் உக்காந்து படிச்சுப் பாத்தேன். நான் பல வருஷமா ரீஇஷ்யூ வாங்குறவ, இந்த விஷயம் எங்கயோ மேலோட்டமா கண்ணுல பட்டிருக்கு, எங்க வீட்டு ரெக்கார்டோட சேத்து யோசிச்சதே இல்ல. விஷயம் இதுதான். 1959 மார்ச் 2ஆம் தேதி நியூயார்க்ல கொலம்பியாவோட 30ஆவது தெரு ஸ்டூடியோ, ஒரு பழைய சர்ச்ச ஸ்டூடியோவா மாத்தியிருந்தாங்க, அங்க முதல் பக்கத்து மூணு பாட்டையும் பதிவு பண்ணினாங்க. பிரதான டேப் மெஷின் அன்னைக்குக் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடுற மெஷின்ல பதிஞ்சத சரியான வேகத்துல ஓட்டினா பாட்டு வேகமாவும் சுருதி தூக்கலாவும்தான் வரும். ஏப்ரல் 22ஆம் தேதி ரெண்டாவது பக்கத்துக்கு வந்தப்போ அந்தக் கோளாறு இல்ல. ஆக ஒரே ரெக்கார்டுல ஒரு பக்கம் தூக்கல், ஒரு பக்கம் சரி, இப்படியே 33 வருஷம் உலகம் பூரா வித்துருக்காங்க. அன்னைக்குப் பக்கத்துலயே பாதுகாப்புக்குன்னு இன்னொரு மெஷின் சரியான வேகத்துல ஓடிக்கிட்டு இருந்திருக்கு, அந்த டேப்ப எடுத்துச் சரிபண்ணி 1992ல ஒரு ரீஇஷ்யூ போட்டாங்க. என்னோட புது ரெக்கார்டு அந்தத் திருத்தத்துக்கு அப்புறம் வந்தது.

இதுல என் மனச ரொம்ப நேரம் பிடிச்சு வெச்சுது ஒண்ணு. வாசிச்சவங்க ஏழு பேரு. சாக்ஸபோன் வாசிச்ச ஜான் கோல்ட்ரேன் 1967ல போயிட்டாரு, பாஸ் வாசிச்ச பால் சேம்பர்ஸ் 1969, வின்டன் கெல்லி 1971, கேனன்பால் ஆடர்லி 1975, பில் எவன்ஸ் 1980, மைல்ஸ் 1991 செப்டம்பர். 1992ல உசுரோட இருந்தது டிரம்ஸ் வாசிச்ச ஜிம்மி காப் ஒருத்தர்தான், அவரு 2020 வரைக்கும் இருந்தாரு. மத்த ஆறு பேரும் வெளிய வந்த ரெக்கார்டுல தங்களோட முதல் பக்கத்து வாசிப்ப அது வாசிச்ச சுருதியில கேக்காமலே போயிட்டாங்க.

சாயந்தரம் அப்பா எந்திரிச்சதும் பஜனைக்கு வெச்சிருக்குற எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டிய எடுத்துட்டு வந்தேன், தேக்காவுல வாங்கினது, ரெண்டு கட்டைல வெச்சேன். புது ரெக்கார்டப் போட்டா அப்படியே போயி உக்காந்துக்குச்சு, பெட்டிச் சத்தமும் பாஸும் ஒண்ணோட ஒண்ணு கலந்து எது எதுன்னே தெரியல. அப்புறம் பழைய ரெக்கார்டு. ஸ்லீவ் ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு செல்லோ டேப் ஒட்டினது, ரெண்டு எடத்துல ஊசி துள்ளும், ஆனா ஓடும். ரெண்டு கட்டைக்குக் கொஞ்சம் மேல, ரெண்டரைக்குப் போகாம, பெட்டியோட மோதி அலை அலையா அடிச்சுது. திருப்பிப் போட்டு ரெண்டாவது பக்கம் ரெண்டு ரெக்கார்டையும் மாத்தி மாத்திக் கேட்டோம், வித்தியாசமே இல்ல. அப்பா ரொம்ப நேரம் பெட்டியவே பாத்துட்டு இருந்தாரு. "அம்பது வருஷமா தூக்கிப் பாடியிருக்கேன்"னாரு. சிரிக்கல, வருத்தப்படவும் இல்ல, ஒரு தகவலா சொன்னாரு.

இத எழுதணும்னு தோணினதுக்குக் காரணம் ரெக்கார்டு வாங்குற எடத்துல அடிக்கடி கேக்குற ஒரு பேச்சு. ரெக்கார்டுக் கடைங்க இருக்குற அடெல்ஃபி கட்டடத்துல மாடிப் படியேறினாலே யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க, ஒரிஜினல் பிரஸ்ஸிங், அதாவது முதல்ல அச்சடிச்சதுதான் ரெக்கார்டு, ரீஇஷ்யூங்கிறது ஜெராக்ஸ்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, வர வர சுத்தமா இல்ல. ஏன்னா முதல்ல வந்த ரெக்கார்டே ஒரு நகல்தான். ஒரிஜினல்ங்கிறது எங்கயோ ஒரு கிடங்குல இருக்குற டேப்பு. அந்த டேப்லேருந்து 1950கள்ல ரெக்கார்டு வெட்டினவங்க, அதாவது டேப்புல இருக்குற ஒலிய தட்டுல பள்ளமாக் கீறினவங்க, அன்னைக்கு வீடுகள்ல இருந்த மட்டமான பிளேயருக்கு பயந்து பயந்து வெட்டினாங்க, பாஸ் அதிகமா இருந்தா ஊசி எகிறிடும், அதனால கீழ் ஒலியக் கொறச்சு, சத்தத்தோட ஏத்த இறக்கத்த அமுக்கித்தான் வெட்டணும். அது அவங்க தப்பில்ல. ஆனா இன்னைக்கு ஒருத்தரு அதே டேப்ப எடுத்து அந்த பயம் இல்லாம வெட்டினா டேப்புல இருக்குறது இன்னும் கொஞ்சம் நம்ம வீட்டுக்கு வந்து சேருது.

நானும் ஒரு காலத்துல ஒரிஜினல் பித்துல இருந்தவதான். பத்து வருஷத்துக்கு முன்னால ஆன்லைன்ல ப்ளூ நோட்ங்கிற ஜாஸ் கம்பெனியோட ரெக்கார்டு ஒண்ணு, முதல் பிரஸ்ஸிங்னு போட்டிருந்துச்சு, 300 வெள்ளி குடுத்து வாங்கிட்டேன். போட்டோவுல அட்டை மட்டும்தான் தெரிஞ்சுது. வந்ததும் லேபிளப் பாத்தா கீழ லிபர்ட்டி ரெக்கார்ட்ஸோட ஒரு பிரிவுன்னு இருக்கு. லிபர்ட்டி கம்பெனி ப்ளூ நோட்ட வாங்கினதுக்கு அப்புறம்தான் அந்த வரி லேபிள்ல வரும். ரெக்கார்டோட உள் ஓரத்துல, பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னால வெறுமையா ஒரு பட்டை இருக்கும்ல, அங்க சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தா எழுத்து தெரியும். ப்ளூ நோட்டுக்கு ஒலிப்பதிவு பண்ணின ரூடி வான் கெல்டர் வெட்டினதுக்கு அடையாளமா ஆர்விஜின்னு இருந்துச்சு, ஆனா காது இல்ல. காதுங்கிறது சேகரிக்கிறவங்க வெச்ச பேரு, பிளாஸ்டிலைட்ங்கிற தொழிற்சாலை 1966 வரைக்கும் அவங்க அச்சடிச்ச ரெக்கார்டுல கைல எழுதின பி மாதிரி ஒரு குறி போடுவாங்க, பாக்க காது மாதிரி இருக்கும். எங்கிட்ட வந்ததுல அது இல்ல. வித்தவரு திருப்பி எடுக்கல. நாலு நாள் சாப்பாடு எறங்கல எனக்கு. ஆனா ஒரு வாரம் கழிச்சு போட்டுக் கேட்டா என்னா சத்தம், அறைக்குள்ள வந்து நின்னு ஊதுற மாதிரி. அன்னைக்கே விட்டுட்டேன் இந்தக் காது தேடுற வேலைய.

வான் கெல்டர் பத்தி ஒண்ணு சொல்லணும். கண்ணு பரிசோதிக்கிற டாக்டர் அவரு, நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்ல அப்பா அம்மா வீட்டு ஹால்லதான் ப்ளூ நோட்டுக்கு ரெக்கார்டு பண்ணினாரு, பகல்ல கண்ணு பாத்துட்டு மத்த நேரம் இது, 1959லதான் எங்கிள்வுட் கிளிஃப்ஸ்ல சொந்த ஸ்டூடியோ. ஒரு வீட்டு ஹால். எங்க நாலறை வீட்டு ஹால்ல உக்காந்து அந்த ஹால்ல வாசிச்சதக் கேக்குறப்போ எனக்கு ஒவ்வொரு தடவையும் அது ஞாபகம் வரும்.

இப்ப நான் வாங்குறது பெரும்பாலும் ப்ளூ நோட்டோட டோன் போயட் வரிசை, 2019ல ஆரம்பிச்சது, ஜோ ஹார்லி மேற்பார்வை, கெவின் கிரே வெட்டுறாரு, நேரா டேப்லேருந்து. அட்டைய விரிச்சா உள்ள ஃபிரான்சிஸ் வுல்ஃப் அன்னைக்கு ஸ்டூடியோல எடுத்த போட்டோ இருக்கும், வேர்வையோட, சிகரெட்டோட, கண்ண மூடிக்கிட்டு. நான் ரீஇஷ்யூ வாங்குறப்போ பாக்குறது ஒண்ணுதான், எந்த டேப்லேருந்து யாரு வெட்டினதுன்னு எழுதியிருக்கா. எழுதியிருந்தா வாங்குவேன். டேப் பத்தி ஒரு வார்த்தை இல்லாம 180 கிராம், கலர் வினைல்னு மட்டும் பெருசா போட்டிருந்தா கீழ வெச்சுடுவேன். கனமும் கலரும் காதுக்குக் கேக்காது.

விலைதான் கஷ்டம், இல்லங்கல. ஒரு நல்ல ரீஇஷ்யூ இங்க கடையில அறுபது வெள்ளிக்கு மேல போயிடுது. வெளிநாட்டுலேருந்து வரவழைச்சா 2023லேருந்து 400 வெள்ளிக்குள்ள இருக்குற பார்சலுக்கும் ஜிஎஸ்டி, இப்ப 9 சதவீதம். 2020 பிப்ரவரியில கலிஃபோர்னியா பேனிங்ல அப்போலோ தொழிற்சாலை எரிஞ்சுபோச்சு, ரெக்கார்டு வெட்டுறதுக்கான லேக்கர் தட்டு உலகத்துலயே ரெண்டு எடத்துலதான் செஞ்சாங்க, அங்கயும் ஜப்பான்லயும், அதுல ஒண்ணு போயிடுச்சு. நான் மாசத்துக்கு ஒண்ணுன்னு வெச்சிருக்கேன். முன்னாடி சுங்கை ரோடு சந்தை இருந்தப்போ தார்ப்பாய் விரிச்சு உக்காந்திருக்குற சீன அங்கிள்ட்ட மலாய்ல பேரம் பேசி அஞ்சு வெள்ளிக்கு ரெண்டு ரெக்கார்டு வாங்குவேன், 2017 ஜூலை 10ஆம் தேதி அத மூடினாங்க, கடைசி நாள் ஆபீஸ் முடிஞ்சு ஓடினேன், கூட்டத்துல ஒண்ணும் வாங்க முடியல, சும்மா சுத்தி நடந்துட்டு வந்தேன்.

ராக் எங்க வீட்டுக்குள்ள வந்தது மாமா வழியா. அம்மாவோட தம்பி. எழுபதுகள்ல முடி வளத்தவரு, அப்ப இங்க நீள முடி வெச்ச ஆம்பளைங்களுக்குக் கடைசியாத்தான் கவனிப்புன்னு அரசாங்க ஆபீஸ்ல எல்லாம் போஸ்டர் ஒட்டியிருப்பாங்க, மாமா போஸ்ட் ஆபீஸ்ல எல்லாரும் போற வரைக்கும் நிப்பாராம். 1972 பிப்ரவரியில லெட் செப்பலின்ங்கிற ராக் குழு இங்க வந்தப்போ முடிய வெட்டாம உள்ள விட மாட்டோம்னு சொல்லி விமானத்துலயே திருப்பி அனுப்பிட்டாங்க, மாமா இன்னைக்கும் அத நேத்து நடந்த மாதிரி சொல்லுவாரு. 2014ல அந்தக் குழுவோட கிடார்காரரு ஜிம்மி பேஜ் அவரே உக்காந்து பழைய ஆல்பத்தையெல்லாம் மறுபடி மாஸ்டர் பண்ணி, கூட அந்தக் காலத்துல வெளிவராத டேப்பையெல்லாம் சேத்து வெளியிட ஆரம்பிச்சாரு, மாமாவோட அறுபதாவது பொறந்தநாளுக்கு முதல் மூணும் வாங்கிக் குடுத்தேன். ஒரு வாரம் போனே எடுக்கல அவரு.

ராக்ல ரீஇஷ்யூன்னா கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். தொண்ணூறுகள் கடைசியிலேருந்து வந்த நெறைய ரீமாஸ்டர் சிடில சத்தத்த ஏத்தணும்னே மெதுவான எடத்தையும் பெருசான எடத்தையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கிட்டாங்க. கேட்ட உடனே பளிச்சுனு இருக்கும், இருபது நிமிஷத்துல தல வலிக்கும், டிரம்ஸ் அடிச்சா அடி விழாது, சும்மா தட்டுன மாதிரி இருக்கும். நானும் அதுல ஒரு அலமாரி நெறைய வாங்கி அப்புறம் ஒவ்வொண்ணா குடுத்துட்டேன். ரீமாஸ்டர்னு எழுதியிருக்கறத மட்டும் பாத்து வாங்காதீங்க, வாங்குறதுக்கு முன்னால யாராவது கேட்டவங்ககிட்ட கேளுங்க. ஆனா இப்ப வேற ஒண்ணு நடக்குது. பீட்டில்ஸோட ரிவால்வர் 1966ல நாலே டிராக்ல பதிஞ்சது, முதல் பாட்டுல டிரம்ஸும் பாஸும் கிடாரும் ஒரே டிராக்ல ஒட்டிக்கிடக்கும், பிரிக்கவே முடியாதுன்னு இருந்துச்சு. 2022ல கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு வாத்தியமும் எப்படி ஒலிக்கும்னு கத்துக்குடுத்து அதையெல்லாம் தனித்தனியாப் பிரிச்சு ஜைல்ஸ் மார்ட்டின் புதுசா மிக்ஸ் பண்ணினாரு. கேட்டப்போ அப்படியே நெகிழ்ந்துபோயிட்டேன், ஆனாலும் பழைய மோனோவத்தான் அடிக்கடி போடுறேன். அது நாலு பேரும் ஒரே திசையில நின்னு நம்மளப் பாத்து அடிக்கிற சத்தம்.

சுருதி பத்தி ஆரம்பிச்சதால ஜான் கோல்ட்ரேனோட மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன சொல்லாம முடிக்க முடியாது. எங்க வீட்டுக்காரரு கோயம்புத்தூர்க்காரரு, கல்யாணம் ஆகி இங்க வந்தவரு. ஜாஸ்னா நான் கேக்குறத கேட்டுட்டு பேப்பர் படிப்பாரு, அவ்ளோதான். ஒரு நாள் ஜர்னி இன் சச்சிதானந்தா ரீஇஷ்யூவ போட்டேன். தம்புராவோட ஆரம்பிக்குது அந்த ஆல்பம், துளசின்னு ஒருத்தர் மீட்டுறாங்க, அதுக்கு மேல செசில் மெக்பீயோட பாஸ் ஒரே அடிய திரும்பத் திரும்பச் சுத்துது, ஆலிஸோட ஹார்ப் மேலேருந்து கொட்டுது, ஃபேரோ சாண்டர்ஸ் சாக்ஸபோன். கடைசிப் பாட்டத் தவிர மத்ததெல்லாம் 1970 நவம்பர்ல அவங்க வீட்டு ஸ்டூடியோல பதிஞ்சது. கோல்ட்ரேன் செத்து மூணு வருஷம், நாலு கொழந்தைங்க, அந்தத் துக்கத்துல இருந்தவங்களுக்குக் கை குடுத்த யோகா குருதான் அந்த சச்சிதானந்தா. யாரு இவருன்னு கேட்டாரு வீட்டுக்காரரு. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல 1914ல பொறந்தவரு, வீட்டுல வெச்ச பேரு ராமசாமி, 1969ல உட்ஸ்டாக் ராக் விழாவ தொடக்கி வெச்சுப் பேசினவரும் அவருதான்னேன். பேப்பர மடிச்சு வெச்சுட்டாரு. "செட்டிபாளையமா? எங்க பெரியத்தை வீடு அங்கதாங்க இருக்கு"ன்னு எந்திரிச்சு வந்து ஸ்லீவ கைல எடுத்து ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ராத்திரி அத்தைக்கு போன் போட்டு சொன்னாரு. அன்னைக்குலேருந்து அந்த ஒரு ரெக்கார்டு அவரோடது, அவரே தொடச்சு அவரே போடுவாரு.

1971 பிப்ரவரியில நியூயார்க் கார்னகி ஹால்ல, சச்சிதானந்தாவோட யோகா நிலையத்துக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரியில ஆலிஸ் வாசிச்சாங்க. அது முழுசா ரெக்கார்டா வெளிய வந்தது 2024ல. அம்பத்து மூணு வருஷம் டேப்பு காத்துக் கிடந்துருக்கு. ஜான் கோல்ட்ரேன் 1963 மார்ச் 6ஆம் தேதி வான் கெல்டர் ஸ்டூடியோல ஒரு முழு ஆல்பத்துக்கு வாசிச்சது அப்படித்தான், அவரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போன நகல் டேப்பு முதல் மனைவி நைமா குடும்பத்துக்கிட்ட பத்திரமா இருந்து 2018ல வெளிய வந்துச்சு. வீட்டுல யாரோ ஒருத்தர் தூக்கிப் போடாம வெச்சிருந்ததாலதான் வந்துச்சு. அப்பாவோட அந்த அட்டப்பெட்டி மட்டும் நாங்க வீடு மாறின மூணு தடவையும் மாறாம கூடவே வந்ததுக்கு நான் அவருக்கு எவ்ளோ கடன்பட்டிருக்கேன்னு இதெல்லாம் படிக்கிறப்போ தோணும்.

ஊர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை, நம்ம ஈரப்பதத்துல ரெக்கார்டுக்குப் பூஞ்சை புடிக்கும். பேப்பர் உள்ஸ்லீவ்ல விட்டு வெக்காதீங்க, பிளாஸ்டிக் உள்ஸ்லீவ் வாங்கி மாத்துங்க, நேரா நிக்க வைங்க, சாயந்தர வெயில் அடிக்கிற சுவத்துப் பக்கம் வேண்டாம். நான் கேமராக்காரங்க வெச்சிருக்குற டிரை கேபினட் ஒண்ணு வாங்கி அப்பாவோட பழைய ரெக்கார்ட மட்டும் அதுல வெச்சிருக்கேன்.

போன வாரம் ஞாயித்துக்கிழமை. அப்பா பஜனைக்குப் பாடிப் பாத்துக்கிட்டு இருந்தாரு, சுருதிப்பெட்டி பக்கத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாடி முடிச்சதும் "அதப் போடேன்மா"ன்னாரு. புதுசாப்பா பழசாப்பான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "பழசு"ன்னாரு.

கேபினட்டத் தெறந்து எடுத்துப் போட்டேன். ஊசிய இறக்குறதுக்கு முன்னால சுருதிப்பெட்டிய அணைச்சேன்.